17 வருடக் காருக்கு என்ன விலை?

கேள்வி: எங்கள் கார் அப்பா வாங்கியது. 17 வருடமாக வீட்டில் ஓடுகிறது. அவர் மறைந்த பிறகு என் பெயருக்கு மாற்றி நான்தான் ஓட்டிவந்தேன். ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. போன மாதம் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் இடித்ததில், கார் முன்னால் நின்ற லாரிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. முன்பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்துவிட்டன. எனக்குக் கழுத்து வலி மட்டும்தான். முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் கம்பெனியில் "டோட்டல் லாஸ்", அதாவது சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று சொல்லி, ஒரு தொகையைப் போட்டு, கையெழுத்துக் கேட்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இதே மாதிரி வண்டி கிடைக்கவே கிடைக்காது. எங்கள் மெக்கானிக், "கொண்டாங்க, நான் நிமிர்த்தித் தர்றேன்" என்கிறார். தம்பியோ, "பழைய வண்டிதானே அக்கா, கொடுத்ததை வாங்கிக்கிட்டு விடு" என்கிறான். என்ன செய்யட்டும்? காருக்காக அழுவது பைத்தியக்காரத்தனமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தக் காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? நல்லது. போடவே கூடாது என்று சொல்லவில்லை, படித்துவிட்டுப் போடுங்கள். இந்த மாதிரிக் காகிதங்களில் "முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று ஒரு வரி இருப்பது வழக்கம். கையெழுத்துப் போட்ட பிறகு விலையைப் பற்றிப் பேசுவது கஷ்டம். அதைவிட முக்கியம் உங்கள் கழுத்து. பின்னாலிருந்து இடி வாங்கியவர்களுக்குக் கழுத்து வலி சிலசமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், வாரக்கணக்கில் இழுக்கவும் செய்யும். வண்டிக்கான காகிதத்திலேயே உடல் காயத்துக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். வேன்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி எதையாவது அனுப்பினால் இன்னும் கவனமாகப் பாருங்கள். இருந்தால் அதைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டி, காட்டியதற்கான சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, கார் இப்போது எங்கே நிற்கிறது? இழுத்துப்போன யார்டிலோ ஒர்க்‌ஷாப்பிலோ நின்றால் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கலாம். அதை யார் கட்டுகிறார்கள், எந்தத் தேதிவரை என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்று அவர்கள் சொன்னால் தடுக்காதீர்கள். தடுத்தால் அன்றிலிருந்து வாடகை உங்கள் தலையில் விழலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒருமுறை போய் வாருங்கள். நாலு பக்கமும், உள்ளேயும், ஓடோமீட்டரும், டயர்களும், அடிபடாத கதவுகளும் தெரிகிற மாதிரி நிறையப் படம் எடுங்கள். அடிபடாத பகுதிகளைத்தான் எல்லாரும் எடுக்க மறக்கிறார்கள். வண்டி எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. டேஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே என்று துழாவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய சுங்கக் கட்டண அட்டையின் கணக்கை மூடுங்கள், டேஷ்கேம் மெமரி கார்டைக் கழற்றுங்கள், ஸ்டீரியோவில் உங்கள் போனின் இணைப்பை அழியுங்கள். குழந்தை சீட் மாட்டியிருந்ததா? இவ்வளவு பெரிய இடியைத் தாங்கிய சீட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, அதையும் க்ளெய்மில் சேர்த்துக் கேளுங்கள்.

அழுவது பைத்தியக்காரத்தனமா என்றால், இல்லை. 17 வருடம் கூடவே இருந்தது போனால் அழுகை வரும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தம்பிக்கும் உள்ளுக்குள் ஏதாவது இருக்கும், அவன் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்பா வாங்கிய வண்டி என்பதைக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். அதற்கு அவர்களிடம் தொகை கிடையாது. படிப்பவர் அனுதாபப்பட்டுவிட்டு அதே எண்ணைத் திரும்ப அனுப்புவார்.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் சுற்றித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் பாலிசியை எடுத்து, வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அது ஐ.டி.வி. என்ற பெயரில் இருக்கும். 5 வயதைத் தாண்டிய வண்டிக்கு அந்தத் தொகை கம்பெனியும் நீங்களும் ஒப்புக்கொண்டு போடுவது. பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று கணக்கு. அப்போது உங்களுக்கு வரவேண்டியது பாலிசியில் போட்ட தொகை, அதில் நீங்கள் ஏற்க வேண்டிய சிறு பங்கு மட்டும் கழியும். வண்டி பழசு என்று சொல்லி மறுபடியும் தேய்மானம் கழித்திருந்தால், எந்த விதிப்படி என்று கேளுங்கள். மறுபக்கம், பிரீமியம் குறையட்டும் என்று புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைவாகப் போட ஒப்புக்கொண்டிருந்தால், இப்போது சந்தை விலையைக் காட்டி வாதாடுவதில் பெரிய பலன் இருக்காது.

பழைய கார்களுக்கென்று உள்ள "ஒப்புக்கொண்ட மதிப்பு" பாலிசியும் இப்படித்தான், எழுதிய தொகை எழுதியதுதான். மற்றபடி அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சாதாரண பாலிசி தருவது விபத்துக்கு முந்தைய நிமிடம் அந்த வண்டிக்கு இருந்த சந்தை விலை. டோட்டல் லாஸ் என்று எப்போது சொல்வது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் நியூயார்க்கில் 75 சதவீதம், ஃப்ளோரிடாவில் 80, டெக்சாஸில் 100. கலிஃபோர்னியாவில் பழுதுச் செலவையும் உடைந்த வண்டியின் விலையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் கார் மாதிரி பழைய வண்டி எந்தக் கணக்கிலும் சீக்கிரம் எல்லையைத் தாண்டிவிடும். இரண்டு ஏர்பேக்கையும் அவற்றோடு சேர்ந்த சென்சார், பெல்ட் இவற்றையும் மாற்றும் செலவே அதன் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே "டோட்டல் லாஸ் இல்லை" என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுடையது சந்தை விலைப் பாலிசியாக இருந்தால், சண்டை போட வேறு இடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் போன் எடுத்து "ரொம்பக் கம்மியா போட்டிருக்கீங்க" என்கிறார்கள். மறுமுனையில் இருப்பவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தொகை ஒரு விவரணையிலிருந்து பிறக்கிறது: எந்த மாடல், எந்த வேரியன்ட், எத்தனை கிலோமீட்டர், எந்த நிலை. விவரணை மாறினால் தொகை தானாக மாறும். அதனால் மதிப்பீட்டு அறிக்கையை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். சுருக்கம் வேண்டாம், எல்லாப் பக்கமும்.

வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். உங்களுடையது டாப் வேரியன்டாக இருக்கும், அவர்கள் அடிப்படை மாடல் என்று போட்டிருப்பார்கள். ஏ.பி.எஸ்., அலாய் வீல், ஆட்டோமேட்டிக் கியர் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓடோமீட்டர் படிக்க முடியாதபோது, வயதை வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. உங்கள் கடைசி சர்வீஸ் பில்லில் கிலோமீட்டர் எழுதியிருக்கும், அதை வையுங்கள். "நிலை: சராசரி" என்று இருந்தால் ஏன் சராசரி என்று கேளுங்கள். உள்பக்கம், பெயின்ட், டயர் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தால் இன்னும் வசதி, நீங்கள் எடுத்த படங்கள் அங்கேதான் பேசும். அப்புறம் ஒப்பீட்டுக்கு எடுத்த வண்டிகள். அவை உண்மையிலேயே உங்கள் கார் மாதிரியா, இல்லை இரண்டு மடங்கு ஓடி, மூன்று கை மாறியவையா? நீங்களே விற்பனை விளம்பரங்களில் தேடி, அதே வேரியன்ட், ஏறக்குறைய அதே கிலோமீட்டர், பக்கத்து ஊர்களில் உள்ளவையாக நாலைந்து எடுங்கள். தேதி தெரியும்படி படம்பிடித்து வையுங்கள், வண்டி விற்றால் விளம்பரமும் போய்விடும். "அது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை" என்று கம்பெனி கொஞ்சம் குறைக்கும். பரவாயில்லை, குறைத்த பிறகும் முதல் தொகையைவிட மேலே நிற்கலாம்.

பில்களைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் கிளட்ச் மாற்றினேன், இன்ஜின் வேலை செய்தேன் என்று செலவைக் கூட்டிக் கேட்டால் தர மாட்டார்கள். ஓடுகிற வண்டிக்கு அதெல்லாம் இருந்தாக வேண்டியதுதான் என்பது அவர்கள் கட்சி, அதில் நியாயமும் இருக்கிறது. அதே பில்களை "நிலை" என்ற வரியைத் திருத்தப் பயன்படுத்துங்கள். 17 வருடமும் தவறாமல் சர்வீஸ் செய்த வண்டி சராசரி இல்லை.

இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் எந்த வரி தவறு, சரியானது என்ன, ஆதாரம் எது, திருத்திய மதிப்பு எவ்வளவு. கோபம் வேண்டாம். தகராறு இல்லாத தொகையை இப்போதே தந்துவிட்டு மீதியைப் பிறகு பேசலாமா என்றும் அதிலேயே கேளுங்கள். சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும், மாற்று வண்டி வாங்கக் கைக்குப் பணமும் வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன் பிறகு வெளியே புகார் கேட்டுத் தீர்க்கும் அமைப்புகள். இந்தியாவிலும் இலங்கையிலும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன், பிரிட்டனில் நிதி ஓம்புட்ஸ்மன் சேவை, சிங்கப்பூரில் ஃபிட்ரெக், ஆஸ்திரேலியாவில் ஆஃப்கா, அமெரிக்காவில் அந்தந்த மாநிலக் காப்பீட்டுத் துறை. பல அமெரிக்க பாலிசிகளில் இருதரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் முடிவு செய்யும் வழியும் உண்டு. அந்தச் செலவில் உங்கள் பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். வித்தியாசம் சிறியதாக இருந்தால் அதில் இறங்காதீர்கள்.

வேன்காரர் மேல்தான் தப்பு என்பதால் அவருடைய இன்சூரன்ஸிடம் நேராகக் கேட்கும் வழியும் இருக்கிறது. அங்கே மாற்று வண்டி வாடகை போன்றவற்றையும் கேட்கலாம், ஆனால் இழுபறி அதிகம். உங்கள் கம்பெனி வழியாகப் போனால் வேகம். அவர்கள் உங்களுக்குத் தந்துவிட்டு வேன்காரர் பக்கம் வசூலித்துக்கொள்வார்கள். அப்படி வசூலாகும்போது நீங்கள் ஏற்ற பங்கும் திரும்ப வருமா என்று கேட்டுவையுங்கள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

இப்போது மெக்கானிக். பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் வைத்துக்கொள்ள முடியுமா என்றால், பல இடங்களில் முடியும். உடைந்த வண்டிக்கு என்ன விலை கிடைக்குமோ அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனால் நீங்கள் சொன்ன விபத்தில் முன்னாலும் பின்னாலும் அடி. இடியை வாங்கிக்கொள்ளத்தான் காரின் இரண்டு முனைகளும் நசுங்கும்படி கட்டப்பட்டிருக்கின்றன, அவை ஒருமுறை தங்கள் வேலையைச் செய்துவிட்டன. சூடாக்கி, இழுத்து நிமிர்த்திய இரும்பு அடுத்த இடியில் அதே மாதிரி நசுங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உங்கள் மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும், அவரிடம் இதைக் கேளுங்கள்: வண்டியின் சட்டகத்தின் (சேஸிஸ்) அளவைக் கருவியில் வைத்துப் பார்ப்பீர்களா? ஏர்பேக் புதிதா, வேறு உடைந்த வண்டியிலிருந்து கழற்றியதா? விபத்தில் இறுகிய சீட் பெல்ட்டையும் மாற்றுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தியாக வந்தாலும், சில நாடுகளில் உடைந்த வண்டி என்று பதிவில் முத்திரை விழுந்துவிடும். பிரிட்டனில் 2017 முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. ஏ, பி இரண்டும் சாலைக்குத் திரும்பவே முடியாது, எஸ் என்றால் சட்டகத்தில் அடி, என் என்றால் சட்டகத்தில் அடியில்லை. அமெரிக்காவில் உரிமைப் பத்திரத்திலேயே "சால்வேஜ்" (உடைந்த வண்டி) என்று ஏறிவிடும், சரிசெய்து சோதனையில் தேறிய பிறகுதான் ஓட்டலாம். அதற்குப் பிறகு முழு இன்சூரன்ஸ் தர எல்லாக் கம்பெனியும் முன்வராது. என்னைக் கேட்டால், லாரிக்கு அடியில் போன வண்டியைத் திரும்ப ஓட்டாதீர்கள். அப்பா நினைவாக ஏதாவது வேண்டுமென்றால் முன்பக்க எம்பளமோ கியர் குமிழோ கழற்றிக்கொள்ளலாமா என்று எழுதிக் கேளுங்கள். கேட்காமல் கழற்றினால் சால்வேஜ் விலையில் கைவைத்ததாகப் பேச்சு வரும்.

வண்டியைக் கொடுத்துவிடுகிறீர்கள் என்றால் கடைசிவரை கூடவே நின்று பார்க்க வேண்டியது பதிவு. யார்டுக்காரர் எடுத்துப்போய்விட்டார் என்பதால் அது உங்கள் பெயரிலிருந்து போய்விடாது. உடைந்த வண்டியின் பதிவெண்ணைத் திருட்டு வண்டியில் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் வண்டி அழிந்தாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லியிருக்கிறது. எந்த நாடாக இருந்தாலும் ஒப்படைத்த தேதி, நேரம், வாங்கியவரின் கையெழுத்து எல்லாம் உள்ள ரசீதை வாங்குங்கள். பெயர் மாறியதற்கோ பதிவு ரத்தானதற்கோ நகல் கைக்கு வரும்வரை பாலிசியை ரத்து செய்யாதீர்கள். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) மிச்சம் இருக்கிறதா என்றும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வண்டிக்கு உதவும்.