வேலைக்குப் போய்க்கொண்டே, பொழுதுபோக்காக அக்கூஸ்டிக் கிட்டார் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். கேள்வியின் விவரத்தில் இன்னும் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: தச்சு வேலை தெரியாதவர் ஆரம்பிக்கலாமா, மொட்டை மாடிக் கொட்டகையில் ஒரு மூலை போதுமா, வீட்டில் கிடக்கும் பழைய தேக்குப் பலகையிலேயே செய்துவிடலாமா. முதல் இரண்டுக்கும் ஆமாம். தேக்குக்குக் கொஞ்சம் பொறுங்கள், பின்னால் வருகிறேன்.

நான் சென்னைப் புறநகரில் இருக்கிறேன். கணக்குப் பார்க்கும் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கையில் உளி. ஏழு வருடத்தில் நான்கு கிட்டாரில் கை வைத்திருக்கிறேன். ஒன்று மரப்பெட்டி, ஒன்று விரிசல் விட்டது, ஒன்று நன்றாகப் பாடுகிறது, நான்காவது இன்னும் பெட்டியே ஆகவில்லை.

முதல் கிட்டாரின் குறை, அது ரொம்ப உறுதியாக இருந்ததுதான். ஆறு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்தம் 70 கிலோவுக்கு மேல் இழுவை வரும் என்று எங்கோ படித்துவிட்டேன். ஒரு ஆள் எடை! அந்தப் பயத்தில் மேல்பலகையை 4 மி.மீ. கனத்தில் விட்டேன். உள்ளே ஒட்டும் சட்டங்களையும் கட்டில் சட்டம் மாதிரி தடியாக வைத்தேன். எங்கள் தெருவில் நிலை, கதவு செய்யும் பெரியவர் ஒருவரிடம்தான் இழைப்புளி பிடிக்கக் கற்றிருந்தேன். அவர் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஸ்டிராங்கா செஞ்சிருக்கீங்க தம்பி. ஏறி நின்னாலும் தாங்கும்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். கம்பி போட்டு மீட்டினால் பூஜை அலமாரியைத் தட்டுகிற சத்தம்.

கம்பி தானாகப் பெரிதாகச் சத்தம் போடாது. மெல்லிய கம்பி எவ்வளவு காற்றை அசைத்துவிடும்? அது பிரிட்ஜை, அதாவது கம்பிகளின் அடி முனை மாட்டியிருக்கும் மரக்கட்டையை, ஆட்டுகிறது, பிரிட்ஜ் மேல்பலகையை ஆட்டுகிறது, அந்தப் பலகைதான் அறைக் காற்றை ஆட்டுகிறது. பலகை அசைய மறுத்தால் கதை முடிந்தது. ஸ்பெயினில் 19-ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தே தோர்ரெஸ் என்று ஒரு பெரிய கைவினைஞர் இருந்தார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவம் அவர் கையில் வந்ததுதான். அவர் 1862-இல் பக்கங்களும் முதுகும் காகித அட்டையாக, மேல்பலகை மட்டும் ஸ்புரூஸ் என்ற நல்ல ஊசியிலை மரமாக ஒரு கிட்டார் செய்தார். சத்தத்துக்கு மேல்பலகைதான் ஆதாரம் என்று காட்டுவதற்காக. அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால், ரோஸ்வுட் முதுகுக்குக் கொட்டிய காசை மேல்பலகையில் போட்டிருப்பேன்.

ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்கு மேல்பலகை 2.5-இலிருந்து 3 மி.மீ. வரை இருந்தால் போதும். இழுவையைத் தாங்குவது அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டும் சட்டங்கள். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1840-களிலேயே இந்த எக்ஸ் அமைப்பைப் பயன்படுத்தியது. சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். உயரத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் சட்டம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரத்தில் ஆரம்பித்து, முனைகளை உளியால் சீவிச் சீவி மெலிக்க வேண்டும். உயரத்தில் ஒரு சுருள் சீவினாலும் காதுக்குத் தெரியும்.

இரண்டாவது கிட்டாருக்குப் பலகை இழைத்தபோதுதான் இது பிடிபட்டது. பலகையின் மேல் ஓரத்திலிருந்து கால்வாசி இறக்கத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, நடுவில் கட்டைவிரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கனமாக இருக்கும்போது "டொக்" என்று அங்கேயே செத்துவிடும். இழைக்க இழைக்க ஒரு கட்டத்தில் "டோ...ம்" என்று இழுக்கும். சந்தையில் அம்மா மண்பானை தட்டி வாங்குவாரே, அதே காது வேலைதான். 2.8 மி.மீ.க்கு வந்ததும் நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இழை தெரிந்தது. "தம்பி, இது பலகையா அப்பளமா?" என்றார். சரியான பாதையில்தான் போகிறேன் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அடுத்தது பக்கங்களை வளைப்பது. எல்லோரும் பயப்படும் இடம், ஆனால் எனக்குப் பிடித்ததும் இதுதான். 2 மி.மீ. கனமுள்ள ஈட்டிப் பலகைப் பட்டையை, ரோஸ்வுட் என்று சொல்வார்களே அதைத்தான், இடுப்பு, தோள், வயிறு என்று மூன்று வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு விசேஷ எந்திரங்கள் உண்டு. நான் இரண்டரை அங்குல இரும்புக் குழாயை வைஸில் மாட்டி, உள்ளே ஹீட் கன் வைத்துச் சூடாக்குகிறேன். கருப்பு இரும்புக் குழாயாக வாங்குங்கள். ஜி.ஐ. குழாய் வேண்டாம், துத்தநாகப் பூச்சு ரொம்பச் சூடானால் வரும் புகை உடம்புக்கு ஆகாது. சூடு பதமா என்று பார்க்கத் தோசைக்கல் சோதனை போதும். தண்ணீர் தெளித்தால் சொட்டு உட்காராமல் உருண்டு ஓட வேண்டும்.

பட்டையை ஈரத்துணியால் துடைத்து, இடுப்பு வரும் இடத்தைக் குழாய்மேல் வைத்து லேசாக அழுத்தியபடி மெல்ல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. "உஸ்" என்று ஆவி மட்டும் போகும். இங்கேதான் பொறுமை இழந்து அமுக்கத் தோன்றும். அமுக்கினேன், "படக்". முதல் பட்டை போய்விட்டது. கை அவசரப்படாமல் இருந்தால், சற்று நேரத்தில் திடீரென்று மரம் விட்டுக்கொடுப்பது உள்ளங்கையில் தெரியும். விறைப்பான தோல் வார் இளகுகிற மாதிரி. மரத்தின் நார்களைக் கட்டிவைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும் நேரம் அது. அந்த நொடியில் மரத்தோடு கூடவே போக வேண்டும், அதற்கு முன்னால் போகக் கூடாது. ஆறும்வரை பிடித்திருந்துவிட்டு அச்சுக்குள் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோக மெட்டு. அதற்குப் பள்ளம் வெட்டுவது வெறும் கணக்கு. அதில்தான் கணக்குக்காரன் நான் கோட்டை விட்டேன். மார்ட்டின் அளவில் கம்பி நீளம் சுமார் 645 மி.மீ. அதை 17.817 ஆல் வகுத்தால் 36.2, முதல் ஃபிரெட் அங்கே. மீதி நீளத்தை மறுபடி 17.817 ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் 12-ஆவது சரியாகப் பாதியில், 322.5-இல் விழும். நான் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய ஃபிரெட்டிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தவறு, பன்னிரண்டு முறை சேர்ந்து ஒன்றரை மி.மீ. அந்த இடத்தில் அரை ஸ்வரத்துக்கே 18 மி.மீ.தான் இடைவெளி. மேலே போகப் போக அபஸ்வரம். எல்லா அளவையும் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டையான நட்டிலிருந்தே எடுங்கள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். பிசகினாலும் மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதித்துக்கொள்ளலாம். கிட்டாரில் ரம்பம் விழுந்தால் விழுந்ததுதான். அப்புறம், கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் எலும்புத் துண்டான சாடிலை மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ.யும் தடித்த கம்பிப் பக்கம் 4, 5 மி.மீ.யும் பின்னால் தள்ள வேண்டும். கிட்டார்களில் அது சாய்வாக இருப்பது அழகுக்காக இல்லை.

இனி அந்த விரிசல் கதை. இரண்டாவது கிட்டார் ஓரளவு நன்றாகவே பாடியது. தில்லியில் வேலை பார்க்கும் தம்பி ஆசைப்பட்டு எடுத்துப் போனான். ஏப்ரல் கடைசியில் வீடியோ காலில் வந்தான். "அண்ணா, கோச்சுக்காதே. பிரிட்ஜுக்குக் கீழே ஒரு கோடு விழுந்திருக்கு." கேமராவைக் கிட்டே கொண்டுபோனான். கோடு இல்லை, பிளவு. தபால் கார்டு நுழையும் அகலம்.

தப்பு என்னுடையதுதான். ஐப்பசி அடைமழையில், கொட்டகைக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்த நாளில் சட்டங்களை ஒட்டியிருந்தேன். மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். இழை நெடுக அநேகமாக மாறவே மாறாது. 400 மி.மீ. அகல ஸ்புரூஸ் பலகை நம் மழைக்காலத்திலிருந்து தில்லியின் வறண்ட கோடைக்குப் போனால் குறுக்கில் சுமார் 4 மி.மீ. சுருங்கப் பார்க்கும். அடியில் குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டம் சுருங்காது, பிடித்துக்கொள்ளும். பலகைக்குக் கிழிவதைத் தவிர வேறு வழி? அதனால்தான் 45 சதவீத ஈரத்தில் ஒட்டச் சொல்கிறார்கள்.

சென்னையில் 45-க்கு எங்கே போவது? இப்போது ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு போட்டுவைத்திருக்கிறேன். உள்காற்று சூடானால் ஈரப்பத சதவீதம் இறங்கும். பலகையும் சட்டங்களும் அதில் இரண்டு வாரம் கிடக்கும். ஒட்டுகிற நாளில் படுக்கையறை ஏ.சி.யைக் காலையிலிருந்தே ஓடவிட்டு, அங்கேயே கட்டில் பக்கத்தில் வேலை. மனைவி என்ன சொல்வார் என்பதை இங்கே எழுதவில்லை. கிளாம்ப் கூட வேண்டாம். மேலே ஒரு பிளைவுட், கீழே ஒரு பிளைவுட், நடுவில் மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்துச் சொருகினால் சட்டத்தைச் சீராக அழுத்திப் பிடிக்கும். பசையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மேசை நாற்காலிக்கு ஒட்டும் சாதாரண வெள்ளைப் பசை, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகி, இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மஞ்சள் நிற அலிஃபாடிக் பசை பரவாயில்லை. விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய வஜ்ரப் பசையைக் காய்ச்சத் தெரிந்தால் அதைவிட நல்லது.

இப்போது தேக்குக்கு வருகிறேன். மேல்பலகைக்குத் தேக்கு வேண்டவே வேண்டாம். கனம் அதிகம். மேலுக்கு ஸ்புரூஸ் அல்லது சிடார்தான். எடைக்கு விறைப்பு என்று பார்த்தால் அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் இறக்குமதி செய்துதான் வாங்குகிறேன். முதுகுக்கும் பக்கங்களுக்கும் உங்கள் தேக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பல வருடம் காய்ந்த பலகை என்பது வரம். ஆனால் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. இழைப்புளி அடிக்கடி மழுங்கும். ஈட்டி வேண்டுமென்றால் மர டெப்போவில் ரசீதோடு வாங்குங்கள். உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் தேடும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானபோது மார்ட்டினே 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் தரும். உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.

பாலிஷுக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்ச் பாலிஷ் போதும். ஊர்த் தச்சர்களுக்கே அது தெரியும், அவர்களிடம் கேளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், யூகலெலேயில் ஆரம்பியுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதலில் உடைந்த பழைய கிட்டார் ஒன்றைச் சல்லிசாக வாங்கி, முதுகைப் பிரித்து உள்ளே பாருங்கள். சட்டம் எவ்வளவு ஒல்லி, எங்கே பசை விட்டிருக்கிறது, எங்கே கழுத்து தூக்கியிருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தாலே பாதி புரியும். அடுத்து, பக்கங்கள் வளைத்து ஃபிரெட் பள்ளம் வெட்டியே வரும் கிட் ஒன்று. எனக்கு அந்தப் புத்தி மூன்றாவதில்தான் வந்தது. நன்றாகப் பாடுவது அதுதான்.

கருவி என்று பார்த்தால் நல்ல இழைப்புளி ஒன்று, உளி இரண்டு, மெல்லிய ரம்பம், வெர்னியர், ஈரப்பதமானி. எந்திரம் எதுவும் அவசியமில்லை. வெறும் மரமாக வாங்கி ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை பார்த்து எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கிட் என்றால் நான்கைந்து மாதம்.

இன்னொன்று. பக்கம் வளைக்கும் நாளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான ஈட்டி மரத்திலிருந்து பன்னீரும் வெல்லப்பாகும் கலந்தது மாதிரி ஒரு வாசனை கிளம்பி மாடிப்படி வழியாகக் கீழே இறங்கும். எங்கள் வீட்டில் பாயசம் என்று நினைத்துப் பெண் கிண்ணத்தோடு மேலே வந்துவிட்டாள்.