ரிங் ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிறேன். தினமும் பஸ் பயணம். ஆறு பாடத்துக்கு ஆறு லாங் சைஸ் நோட்டு சுமக்க முடியவில்லை. ஜெராக்ஸ் தாள்களோ எங்கே போகின்றன என்றே தெரியவில்லை. பெரிய ரிங் ஃபைல் ஒன்று வாங்கிவிடலாமா?
– மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: வாங்கு மகளே. ஆனால் அதைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. பையில் ஒரு பட்டன் ஃபைல், அதற்குள் கோடு போட்ட ஏ4 தாள் இருபது, அவ்வளவு போதும். ஏன் ஏ4 என்கிறேன் என்றால், உனக்குக் கிடைக்கும் ஜெராக்ஸும் அதே அளவுதான். லாங் சைஸ் நோட்டுக்குள் செருகினால் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நைந்துபோகும்; ஒருநாள் நழுவியும் விழும்.

எழுதத் தொடங்கும்போதே மேலே தேதி, பாடம், யூனிட், பக்க எண் போட்டுவிடு. மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய தாள்களைத் துளையிட்டு ஃபைலில் அதனதன் இடத்தில் சேர்த்துவிடு. இதைத் தள்ளிப்போட்டால் எந்த ஃபைலும் உதவாது. தாளை நடுவில் லேசாக மடித்து, அந்தக் கோட்டைப் பஞ்சிங் மெஷினின் நடு அடையாளத்தில் வைத்தால் துளைகள் ஒரே வரிசையில் நிற்கும்.

ஃபைல் வாங்கும்போது அவசரப்படாதே. நம் உப்புக்காற்றில் மட்டமான இரும்பு தாங்காது. நான் படித்தபோது இரண்டாவது மழைக்காலத்திலேயே ரிங் துருப்பிடித்து, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் காவி நிறத்தில் வட்டம் விழுந்தது. ரிங்கின் முனைகளும் சரியாகச் சேராததால் புரட்டும்போதெல்லாம் தாள் மாட்டிக் கிழிந்தது. அதனால் கடையிலேயே நாலைந்து தடவை திறந்து மூடிப் பார். முனைகளுக்கு நடுவே நகம் நுழைந்தால்கூட வேண்டாம். செமஸ்டர் முடிந்ததும் தாள்களை டேக் கட்டி எடுத்துவைத்தால், அதே ஃபைல் அடுத்த செமஸ்டருக்கும் ஆகும்.

பேனா, பால் பாயின்ட் போதும். ஐப்பசி மழையில் பை நனைந்தால் ஜெல் மை பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். அப்புறம், லேப் அப்சர்வேஷனும் ரெக்கார்டும் பைண்ட் நோட்டாகவே இருக்கட்டும்; அவற்றில் கைவைக்காதே.

பாடம் பிரிக்க அட்டை தனியாக வாங்க வேண்டாம். பழைய மாதக் காலண்டரின் கெட்டித் தாளை ஏ4-ஐவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் பாடத்தின் பெயரை எழுதிவிடு.