கூடித் தைப்போர் கேள்வி பதில்

எம்பிராய்டரிக் குழு நடத்துகிறவர்களும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு பூத்தையலுக்கென்று கூடுகிறோம். ஆளுக்கொரு வேலையை எடுத்து வருகிறோம். தெரிந்தவர்கள் தைக்கிறார்கள், தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது? (வாசகி, கும்பகோணம்)

ஒரு கூட்டத்துக்கு ஒரே தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், லேஸி டெய்ஸி, பட்டன்ஹோல், ஹெர்ரிங்போன், பிரெஞ்சு நாட் என்று வரிசையாகப் போய், சாட்டின் தையலைக் கடைசிக்கு வையுங்கள். வடிவத்தின் உள்ளே நூலை நெருக்கமாகப் பக்கம் பக்கமாக நிரப்பும் இந்தச் சாட்டின் பார்க்க எளிது. ஆனால் இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் துணி சுருங்கும், ஓரம் பல் பல்லாகத் தெரியும். கை பழகிய பிறகு எடுப்பதுதான் நல்லது.

எல்லோருக்கும் ஒரே பொருள் இருக்கட்டும்: 10 அங்குலச் சதுரத்தில் கேஸ்மெண்ட் துணி, 6 அங்குல ரிங் (துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), 7-ஆம் எண் ஊசி, மூன்று இழை நூல் (ஆறு இழை சேர்ந்த எம்பிராய்டரி நூலிலிருந்து மூன்றைப் பிரித்தது). நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். நீளமான நூல் ஊசிக் காதிலும் துணியிலும் திரும்பத் திரும்ப உரசிப் பஞ்சு பஞ்சாகிவிடும். பாதி வேலையில் பளபளப்பு போய்விட்டது என்பவர்களின் நூலை அளந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டு முழம் இருக்கும்.

கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தைத் துணியைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். குழுவாகக் கூடுவதன் பெரிய பயன் இதுதான். தனியாகத் தைப்பவர் முன்பக்கத்தையே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர்தான் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்வார். முடிச்சு இருந்தால் இஸ்திரி போடும்போது முன்பக்கம் புடைக்கும், துவைக்கும்போது அவிழவும் கூடும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அரை அங்குலத்துக்கு மேல் நூலைத் தாண்டவிட்டால், அடர் நிறம் வெள்ளைத் துணி வழியே நிழலாகத் தெரியும். தொடங்கும்போது 2 அங்குல நூலை விட்டுவைத்து, பின்னர் அதை நான்கைந்து தையலின் அடியில் கோத்து வெட்டச் சொல்லுங்கள்.

தைத்த மாதிரிகளை ஒரு நோட்டில் ஒட்டாமல், ஓரத்தில் தைத்து வையுங்கள். பசை நாளடைவில் துணியை மஞ்சளாக்கும். கீழே துணியின் வகை, நூல் எண், இழைக் கணக்கு மூன்றையும் எழுதுங்கள். புதிதாகச் சேருகிறவருக்கு அதுவே பாடப்புத்தகம்.

ஆட்கள் குறைவு என்று தயங்க வேண்டாம். இங்கிலாந்தில் 1906-இல் எம்பிராய்டரர்ஸ் கில்ட் என்ற எம்பிராய்டரிச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஒரே பள்ளியில் தையற்கலை பயின்ற 16 பேர்தான்.

எத்தனை இழைக்கு எந்த எண் ஊசி? (வாசகி, நாகர்கோவில்)

ஆறு இழைக்கு 5, மூன்றுக்கு 7, இரண்டுக்கு 8 அல்லது 9, ஒற்றை இழைக்கு 10. எண் கூடக் கூட ஊசி மெலியும். மூன்று இழை வேண்டுமென்றால் மூன்றையும் சேர்த்து உருவாதீர்கள், சிக்கு விழும். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக் கோத்தால் இழைகள் படிந்து நிற்கும், தையலும் நிறைவாகத் தெரியும்.

ஊர் நூலகச் சுவரில் மாட்டுவதற்காக இருபது பேர் ஆளுக்கொரு சதுரம் தைத்தோம். எல்லாவற்றையும் 8 அங்குலம் என்று சொல்லியிருந்தும் சேர்க்கும்போது பொருந்தவில்லை. சில சதுரங்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. என்ன செய்வது? (வாசகர், மதுரை)

தைத்ததை வீணாக்க வேண்டாம். முதலில் எல்லா நூலும் சாயம் போகாததுதானா என்று சோதித்துக்கொள்ளுங்கள் (அடுத்த பதிலில் வழி இருக்கிறது). பிறகு சதுரத்தை நனைத்து, தடித்த துவாலையின் மேல் பூவேலை கீழே இருக்கும்படி விரியுங்கள். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் செங்கோணமாக வரும்வரை இழுத்து, சுற்றிலும் அங்குலத்துக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தி அப்படியே காயவிடுங்கள். கோணல் பெரும்பாலும் நேராகிவிடும். அப்படியும் அளவு குறைந்தால் அந்தச் சதுரத்துக்கு மட்டும் நாலு பக்கமும் பட்டை கொடுத்து, பிறகு மற்றவற்றின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்த முறை, தவறு நடக்கும் இடங்களை முன்பே அடைத்துவிடுங்கள். துணியை ஒருவரே ஒரே தானிலிருந்து வாங்கட்டும். ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் பங்கு போட வேண்டும். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், ஒருவர் நனைத்து இன்னொருவர் நனைக்காமல் தைத்தால் அளவு எப்படிச் சேரும்? கத்தரியால் வெட்டாமல், ஓரத்தில் சின்னதாக நறுக்கிக் கையால் கிழியுங்கள். நூல் போகும் வழியே கிழிவதால் சதுரம் கோணாது.

ஆளுக்கு 12 அங்குலத் துண்டு கொடுங்கள். நடுவில் 8 அங்குலச் சதுரத்தை வண்ண நூலால் ஓட்டுத் தையலில் குறித்து, பூவேலை 7 அங்குலத்துக்குள் முடிய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தானின் நெய்த கரை இருந்த பக்கத்தை அம்புக்குறியால் காட்டுங்கள். எத்தனை இழை, எந்தக் கம்பெனி நூல், எந்த எண் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "சிவப்பு" என்று மட்டும் சொன்னால் இருபது சிவப்பு வரும்.

எல்லாச் சதுரங்களும் வந்து, இஸ்திரி ஆன பிறகு ஒருவரே உட்கார்ந்து எட்டரை அங்குலத்துக்கு வெட்டட்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 8 அங்குலம் மிஞ்சும். சதுரத்தைச் சதுரத்தோடு நேரடியாகச் சேர்க்காமல், நடுவில் பட்டை கொடுப்பது எங்களுக்குப் பிடித்த முறை. ஒன்றரை அங்குலம் வெட்டினால் தைத்த பின் ஓர் அங்குலம் நிற்கும். சிறு அளவு வித்தியாசங்களை அது விழுங்கிக்கொள்ளும், இருபது பேரின் கைவேலையும் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியாகத் தெரியும். அகலத்தில் நான்கு, உயரத்தில் ஐந்து என்று வைத்தால் 35-க்கு 44 அங்குலம். சுற்றி 3 அங்குலக் கரை சேர்த்தால் 41-க்கு 50.

மூலைகளில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், நடுப்பகுதி தொங்கிவிடும். பின்பக்கம் மேலே முழு அகலத்துக்கும் 4 அங்குலத் துணிக்குழாய் தைத்து அதில் கம்பி நுழைத்தால் எடை பரவும். வெயில் நேராக விழும் சுவரில் வேண்டவே வேண்டாம்.

வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் சாயம் இறங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் போட்டும் போகவில்லை. (வாசகி, திருநெல்வேலி)

சாயம் ஏற்றி முடித்த நூலில் உப்போ வினிகரோ சாயத்தை நிறுத்தாது. அடர் சிவப்பிலும் கறுப்பிலும் இழைக்குள் பிடிக்காத உபரிச் சாயம் தங்கியிருக்கும், அதை முழுவதும் வெளியேற்றுவதுதான் வழி. அகலமான பாத்திரத்தில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் விட்டுத் துணியை மடிக்காமல் மூழ்கவையுங்கள். தண்ணீர் நிறம் மாற மாறக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கறை போகும்வரை காயவிடக் கூடாது, இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுங்கள்.

தைக்கும் முன்பு சோதிப்பது எளிது. அரை சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து விரலால் அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் நூலை முதலில் அலசிக் காயவைத்துத் தையுங்கள்.

ஆரி ஊசி மேலே வரும்போது துணியில் மாட்டுகிறது. சில நேரம் நூல் நழுவியும் விடுகிறது. (வாசகி, சேலம்)

ஆரி ஊசியின் நுனியில் உள்ள கொக்கிதான் துணிக்கு அடியில் பிடித்திருக்கும் நூலை மேலே இழுத்துச் சங்கிலியாக்குகிறது. அந்தக் கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் கோளாறு. கைப்பிடியில் ஊசியை இறுக்கும் திருகும் கொக்கியின் வாயும் ஒரே பக்கம் இருக்கும்படி பொருத்துங்கள். துணிக்கு மேலே இருக்கும் திருகைப் பார்த்தே கீழே கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இறங்கும்போது வாய் தைத்துப் போகும் திசையைப் பார்க்கட்டும். கீழே நூலை மாட்டியதும் அரை வட்டம் திருப்புங்கள். ஊசியின் முதுகால் துணியை லேசாக முன்னே தள்ளியபடி மேலே எடுத்தால், துளை பின்பக்கம் சற்றே விரிந்து கொக்கிக்கு வழி விடும்.

துணி தொய்ந்திருந்தாலும் இதே தொல்லைதான், ஊசியோடு துணியும் எழும்பும். விரலால் தட்டினால் டப் என்று ஓசை வர வேண்டும். கீழே நூலைப் பிடிக்கும் கை தளர்ந்தால் கண்ணி நழுவும்.

முடிக்கும்போது கடைசிக் கண்ணியைச் சின்னத் தையலால் பூட்டி, அடியில் முடிச்சிடுங்கள். பூட்டாத சங்கிலி ஒரு முனையை இழுத்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும். ரவிக்கையானால் வேலை முடியும்வரை துணியை வெட்டாதீர்கள், தையல் கோட்டிலிருந்து அரை அங்குலத்துக்குள் மணி, கல் எதுவும் வைக்காதீர்கள். மெஷின் ஊசி உடைவது அங்கேதான்.

எங்கள் குழுவில் தோடர் எம்பிராய்டரி கற்று, பைகளில் தைத்து விற்கலாமா? (வாசகி, கோவை)

கற்றுக்கொள்ளுங்கள், அந்தப் பெயரில் விற்காதீர்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் குறியீட்டுக்கு உரிய பயனாளராகப் பதிவு பெற்றவர்களே அந்தப் பெயரில் விற்க முடியும். சட்டம் ஒருபுறம் இருக்க, நீலகிரியில் தோடர் பெண்கள் கை நோகச் செய்யும் வேலை அது. வரைந்துகொள்ளாமல், ரிங் மாட்டாமல், முரட்டுப் பருத்தியின் இழைகளை விரலால் எண்ணியே சிவப்பும் கறுப்பும் ஏற்றுகிறார்கள். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சிறு கண்ணியாக விடுவதால்தான் அந்த மேடான தோற்றம் வருகிறது. மெஷினில் அடித்த நகல்கள் அவர்கள் கூலியைத்தான் தின்கின்றன. பைகளில் வைக்க விரும்பினால் துண்டுகளை அவர்களிடமே விலைக்கு வாங்கிப் பொருத்துங்கள்.

ஒரே டிசைனைப் பத்துப் பேருக்கு வரைந்து கொடுக்க எளிய வழி? (வாசகி, தஞ்சாவூர்)

டிரேசிங் பேப்பரில் வரைந்து, மடித்த போர்வையின் மேல் வைத்து, கோட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் குத்திவிடுங்கள். அடர் நிறத் துணிக்கு ஜிங்க் பவுடரையும், வெளிர் நிறத்துக்கு நீலத்தையும் மண்ணெண்ணெயில் குழைத்து, குத்திய பேப்பரைத் துணியின் மேல் விரித்து, குழைத்ததைப் பஞ்சில் தொட்டு, பேப்பரின் மேல் ஒரே திசையில் தேயுங்கள். பஞ்சு சொட்டக் கூடாது, சொட்டினால் கோடு பரவும். பட்டானால் ஓரத் துண்டில் முதலில் சோதியுங்கள். அடுப்பு, விளக்குப் பக்கம் இந்த வேலை கூடாது. முடிந்ததும் பேப்பரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். துளை அடைக்காமல் இருந்தால் அதே பேப்பர் இன்னும் பல பேருக்கு உதவும்.