அட்டையில் தெரிகிற சொல் கதையில் ஏன் தெரியவில்லை?

வணக்கம்.

என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்தவுடன் சொல்லப் பழக்கினால் வாசிப்பு வேகமாக வரும் என்று கேள்விப்பட்டு, ஐம்பது சொற்களை அட்டைகளில் எழுதி தினமும் காட்டுகிறேன். அட்டையில் சரியாகச் சொல்கிறான். அதே சொல் கதைப் புத்தகத்தில் வந்தால் திணறுகிறான், இல்லாவிட்டால் ‘எங்கே’ என்பதை ‘அங்கே’ என்றும் ‘அவள்’ என்பதை ‘அவன்’ என்றும் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். ஓர் அட்டையின் மூலையில் மைக்கறை இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறான் என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன். இன்னும் நிறைய அட்டை போட வேண்டுமா, அல்லது முறையே தப்பா?

ர.

அன்புள்ள ர.,

அந்த மைக்கறையைக் கவனித்தீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அவன் சொல்லைப் படிக்கவில்லை, அட்டையை அடையாளம் கண்டுகொள்கிறான். ஐம்பது அட்டைவரை நீளம், முதலெழுத்து, கறை என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். சொற்கள் கூடக் கூட இந்த அடையாளங்கள் தீர்ந்துபோகும். அங்கே, இங்கே, எங்கே மூன்றுக்கும் பின்பாதி ஒன்றுதானே, அவன் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை. புது அட்டை இப்போதைக்கு வேண்டாம்.

இந்த அட்டைப் பழக்கம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல், குழந்தைகளுக்கான புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டார். அதில் பெயர்ச்சொல்லே கிடையாது, அவற்றுக்குத் தனியாக 95 சொற்கள் கொண்ட இன்னொரு பட்டியல். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் பல இடங்களில் ஒட்டாது என்பதால், இவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலிலேயே ‘கேன்’, ‘இட்’ மாதிரி எழுத்தை ஒலித்தாலே வந்துவிடும் சொற்கள் ஏராளம். ‘செட்’ (said) என்ற சொல்லை எடுங்கள்: எஸ், ஏ, ஐ, டி. முதலும் கடைசியும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் மட்டும்தான் வம்பு. அந்த நடுவை மட்டும் தொட்டுக்காட்டினால் போதும், முழுச் சொல்லையும் படம் மாதிரி மனதில் ஏற்ற வேண்டியதில்லை.

பார்த்தவுடன் படிப்பது எப்படி வருகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் லினியா எஹ்ரி. சொல்லின் ஒலியும் அதன் எழுத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நினைவில் தங்குகின்றன, அதனால்தான் பிறகு கூட்டிப் படிக்கவே தேவைப்படுவதில்லை என்பது அவர் விளக்கம். பல குழந்தைகளுக்கு ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிச் சில தடவை சரியாகப் படித்தாலே அது ஒட்டிவிடும். சிலருக்கு நிறையத் தடவை வேண்டும். ஆக, கூட்டிப் படிப்பதுதான் பார்த்தவுடன் படிப்பதற்கு வழி.

சரி, தமிழுக்கு வருவோம். எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுவது இங்கேதான். தமிழில் எழுத்துப்படி ஒலி வந்துவிடும் என்கிறோம், முழுக்க அப்படி இல்லை. ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்லிக் கூட்டிப் பாருங்கள், ‘ட’ வல்லென்று வரும். நாம் ‘படம்’ என்று சொல்லும்போது அது மெலிந்துவிடுகிறது. குழந்தை கூட்டிய ஒலியை, காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு பொருத்தி “ஓ, படம்!” என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் தெரிந்த சொல், பொருத்திவிடுவான். ‘என்று’ வந்தால்? எழுத்துத் தமிழில் ஓயாமல் வரும் சொல் அது, ஆனால் பேச்சில் அவன் கேட்பது வெறும் ‘னு’. இருக்கிறது என்பதை ‘இருக்கு’ என்றும், வேண்டும் என்பதை ‘வேணும்’ என்றும், அவர்கள் என்பதை ‘அவங்க’ என்றும்தான் நாள் முழுக்கக் கேட்கிறான். புத்தகத்தில் அதிகம் வரும் சொற்களில் பல அவன் காதுக்கு அந்நியம். காதில் இல்லாத சொல்லைக் கண் எதோடு பொருத்தும்?

அதனால் முதல் வேலை, தினமும் நீங்கள் வாசித்துக் காட்டுவது. பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல் அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். பிள்ளைக்குப் புரியட்டும் என்று நம்மில் பலர் ‘சொன்னான் என்று’ வரும் இடத்தில் ‘சொன்னான்னு’ என்று வாசித்துவிடுகிறோம். அன்பால் செய்வதுதான், ஆனால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய சொல் அங்கேயே போய்விடுகிறது. அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, புரியாவிட்டால் அப்புறம் பேச்சில் சொல்லுங்கள்.

அடுத்து, சொற்களைக் கூட்டமாகக் கொடுங்கள். ‘ன்று’ ஒலிக்கும் விதத்தை ஒருமுறை காட்டிவிட்டால் என்று, அன்று, இன்று, ஒன்று, மூன்று, கன்று எல்லாம் கூடவே வரும். ‘ற்று’ காட்டினால் காற்று, நேற்று, சற்று. ‘வீடு’ என்ற ஒரே அட்டை கதையில் பெரிதாக உதவாததற்கும் காரணம் உண்டு, அங்கே அது வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று வந்து நிற்கும். ‘இல்’, ‘க்கு’, ‘இருந்து’ போன்ற வால்களைத் தனியாகக் காட்டிப் பழக்கினால் எந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தாலும் பிடித்துக்கொள்வான்.

அவன், அவள் குழப்பத்துக்கு நம் மொழியிலேயே மருந்து இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்தபிறகு மற்றது. அப்புறம் ‘அவள் வந்தாள்’ என்று முழு வாக்கியமாகக் கொடுங்கள். ‘அவன்’ என்று தொடங்கிவிட்டால் ‘வந்தாள்’ இடறும், அவனே திரும்பி வந்து திருத்திக்கொள்வான். அந்தத் தருணத்தில் தயவுசெய்து முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். நாலைந்து நொடி பேசாமல் இருங்கள், அது நமக்குத்தான் கஷ்டம். “படத்தைப் பார்த்து யூகி” என்பதும் வேண்டாம். எழுத்தை விட்டுவிட்டு யூகிக்கும் பழக்கம் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது, அதற்குத் தீனி போட வேண்டாமே. திணறிப் படித்த வாக்கியத்தை இன்னொரு முறை சரளமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதே கதையை நாலு நாள் படித்தாலும் தப்பில்லை.

பத்து நிமிடம் போதும், அழுகிற அளவுக்கு இழுக்காதீர்கள். பல மாதங்கள் இப்படிப் படித்தும் எழுத்துகளே நிற்கவில்லை என்றால் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்தவரிடமும் காட்டுங்கள். சீக்கிரம் தெரிந்துகொண்டால் உதவி செய்வது எளிது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த ஐம்பது அட்டைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்? அன்றைய கதையில் அவன் திணறிய சொல் ஒன்றை, வாயால் ஒவ்வொரு ஒலியாகச் சொல்லிக்கொண்டே அவன் கையாலேயே அங்கே எழுதட்டும். நாளைக்கு ‘என்று’ எழுதச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.