உச்சிப்புளிப் பக்கம் தென்னை ஓலை கரி பூசினாற்போல் கறுத்துப்போவது ஏன்? மருந்தடிக்கலாமா?

ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் இருந்தால், அது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பூச்சி. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்டது. சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற பிசுக்கைக் கீழ் ஓலைகளில் சொட்டும். அந்தப் பிசுக்கில் வளரும் பூஞ்சைதான் நீங்கள் பார்க்கும் கரி. பாவம், பலர் கடல் உப்புக்காற்றின் மேல் பழி போடுகிறார்கள்.

பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். என்கார்சியா என்ற பொடிக் குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அப்புறம் கரிக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து விழும்.