செகண்ட் ஹேண்ட் மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க் இறுகிக் கிடக்கிறது. தர்மபுரியில் இருந்துகொண்டு நானே சர்வீஸ் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பெங்களூரில் இருந்து ஓசூர் வழியாக நம் பக்கம் வந்து சேரும் பழைய வண்டிகளில் நான் பிரித்துப் பார்த்தவரை, பெரும்பாலான ஃபோர்க்குகள் கெட்டுப்போனவை அல்ல. உள்ளே எண்ணெய் வற்றி, சீலுக்கு (குழாயைச் சுற்றி எண்ணெய் கசியாமலும் மண் ஏறாமலும் தடுக்கும் ரப்பர் வளையம்) அடியில் மண் ஏறி இறுகியிருக்கும், அவ்வளவுதான். யாராவது புது ஃபோர்க் போடச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

ஆலன் கீயைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும் உள்குழாயில், அதாவது ஸ்டாஞ்ஷனில், நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். சீல் ஏறி இறங்கும் இடத்தில் நகம் மாட்டினாலோ, பூச்சு தேய்ந்து வேறு நிறம் தெரிந்தாலோ, எந்தச் சர்வீஸும் அதிக நாள் தாங்காது. அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் ஹேண்டில்பார் அடியில் தெரிந்தால் ஹெட்செட்டை, அதாவது ஃபோர்க் ஃபிரேமில் திரும்பும் இடத்து பேரிங்கை, இறுக்கினால் போதும். சீலுக்குப் பக்கத்தில் தெரிந்தால் உள்ளே புஷ், அதாவது உள்குழாய் வழுக்கி ஓடும் வளையம், தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த ஃபோர்க்கில் புஷ் மாற்றச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தை வேறு ஃபோர்க்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது ஸ்பிரிங்கா, காற்றா? சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் என்று எழுதியிருந்தால் ஸ்பிரிங். ஃபோர்க்கின் இடது கால் மேல்மூடியைத் திறந்ததும் டியூப் வால்வு போல ஒன்று இருந்தால் அது காற்று ஃபோர்க். அதில் காற்று முழுவதையும் இறக்காமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். அழுத்தத்தோடு திறந்தால் பாகங்கள் முகத்தில் தெறிக்கும்.

பிறகு சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றித் தள்ளி வையுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் போச்சு. கால்களின் அடியில் இருக்கும் போல்ட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் தண்டு விடுபடும். அப்புறம் போல்ட்டை முழுதாக எடுத்து, ஸ்டாஞ்ஷன்களை மூடியிருக்கும் வெளிக்கால்களைக் கீழ்நோக்கி உருவுங்கள். கறுப்பாக ஒழுகும், ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீலையும் அதற்கு அடியில் இருக்கும் நுரை வளையத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். புது சீல் வாங்க ஸ்டாஞ்ஷன் விட்டம் தெரிய வேண்டும்: 28, 30, 32 மில்லிமீட்டர் என்று வரும். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து தருவார்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் கவனம் தேவை. நம் ஊர் பைக் மெக்கானிக்குகள் கைதேர்ந்தவர்கள். ஆனால் மோட்டார் பைக் ஃபோர்க்கில் எண்ணெயை நிறைய ஊற்றிப் பழகியவர்கள். இங்கே வெளிக்காலுக்குள் போவது சில மில்லிதான். மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து, அடி ஓட்டை வழியாக விட வேண்டும். அதிகமானால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் ஃபோர்க் முழுதாக இறங்காது, சீலும் பிதுங்கும். சரியான அளவும் போல்ட் இறுக்கமும் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. எக்ஸ்சிடி போன்றவற்றுக்கு எண்ணெய்க்குப் பதில் புஷ்ஷில் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண வண்டி கிரீஸ் இல்லை, சஸ்பென்ஷனுக்கென்றே விற்பது. அதை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

லாக்-அவுட் (ஃபோர்க்கை அசையாமல் பூட்டுவது), ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் மேலெழும் வேகத்தை மாற்றுவது) உள்ள டாம்பர் காலின் உட்பகுதியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குத் தனி டூல் வேண்டும். பெங்களூருக்குக் கொண்டுபோவதே நல்லது.

மாட்டிய பிறகு தெருவிலேயே பிரேக் பிடித்து, பலமுறை அமுக்கிப் பாருங்கள். நேராக வத்தல்மலை இறக்கத்துக்குப் போய்விட வேண்டாம்.

வெளிக்கால் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது ஃபோர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துச் செம்மண்ணிலும் கிருஷ்ணகிரி குவாரிப் பாதைகளிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே செய்யுங்கள். கிரானைட் தூள் ஸ்டாஞ்ஷனை அரித்துவிடும். ஒவ்வொரு முறை ஓட்டிவந்ததும் ஸ்டாஞ்ஷனையும் சீலையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாட்டர் வாஷ் கடையில் விட்டு அந்த இடத்தில் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். சீலைத் தாண்டி மண் உள்ளே போவதே பெரும்பாலும் அப்படித்தான்.