குறுந்தடப் பனிச்சறுக்கு ஓட்டம்: மதுரையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2025 ஆகஸ்ட் மாதம் டேராடூனின் ஹிமாத்ரி பனித்தளத்தில் நடந்த ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் (பிளேடு பொருத்திய காலணியுடன் சிறிய பனித்தடத்தில் பலர் ஒன்றாக ஓடும் குறுந்தட ஓட்டம்) போட்டியை நேரில் கண்டு திரும்பிய நாள் முதல், என்னிடம் ரோலர் ஸ்கேட்டிங் பயிலும் பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, தடம் எவ்வளவு நீளம்? (திருமங்கலம் வாசகி)

ஒரு சுற்று 111.12 மீட்டர்தான். நம் வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு கரையை மட்டும் நடந்து கடந்தால், அது இந்தத் தடத்தின் இரண்டரைச் சுற்றுக்கும் அதிகம். 500 மீட்டர் ஓட்டம் நாலரைச் சுற்று, 1000 மீட்டர் ஒன்பது, 1500 மீட்டர் பதின்மூன்றரை. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் சீனாவின் வூ தாஜிங் 500 மீட்டரை 39.584 விநாடிகளில் முடித்தார்.

கேள்வி: அவ்வளவு வேகத்தில் வளைவில் சாய்ந்தும் எப்படி விழாமல் போகிறார்கள்? (உசிலம்பட்டி, பள்ளி மாணவர்)

நல்ல கேள்வி, தம்பி. வளைவின் ஆரம் 8 மீட்டர் மட்டுமே என்பதால், உடலை வெளியே தள்ளும் விசை உடல் எடையையே மிஞ்சிவிடுகிறது. அதைச் சமன்செய்யவே வீரர் உட்பக்கமாக, ஏறக்குறைய படுத்துவிட்டாரோ என்று நாம் பதறும் அளவுக்குச் சாய்கிறார். சாய்ந்தால் காலணியின் விளிம்பு பனியில் உரசி வழுக்கிவிடக்கூடும். அதைத் தவிர்க்க, பிளேடைக் காலணியின் நடுவில் பொருத்தாமல் சற்று இடப்பக்கம் தள்ளிப் பொருத்துகிறார்கள். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் பிளேடையும் அதே திசையில் மிக மெல்லிதாக வளைத்து வைக்கிறார்கள். இடக் கையுறையின் விரல் நுனிகளில் கெட்டியான பிசின் பூச்சு இருக்கும். டேராடூனில் தடுப்புக்கு அருகில் நின்றபோது, அந்த விரல்கள் பனியில் இழுத்துச்சென்ற மெல்லிய கோடுகளை நான் தெளிவாகக் கண்டேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் பணியாளர்கள் வாளித் தண்ணீரை வளைவுகளில் ஊற்றி, பிளேடு கீறிய பள்ளங்களை நிரப்பி உறையவிட்டார்கள். தடத்தைக் குறிக்கும் கறுப்புக் கட்டைகளையும் சிறிது நகர்த்தி, ஒரே இடம் தேயாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் முந்தும்போது குறுக்கே ஒடித்தால் தகராறு வரும். இங்கே யார் தவறென்று எப்படி முடிவு செய்கிறார்கள்? (மேலூர் வாசகர்)

ஒப்புமை மிகவும் பொருந்துகிறது, ஐயா. முந்துவதற்குத் தடையில்லை, ஆனால் மோதல் நேர்ந்தால், முன்னே செல்பவர் முறைகேடாக எதுவும் செய்யாதவரை, முந்த முயன்றவரே பொறுப்பு. முன்னே செல்பவரும் நேர்ப்பாதையில் திடீரென விலகிப் பின்னால் வருபவரை மறித்தால் தண்டனைக்குள்ளாவார். நடுவர் காணொளியைப் பார்த்தே தீர்ப்பளிக்கிறார். தகுதிச் சுற்றில் பிறர் தவறால் பாதிக்கப்பட்டவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலும் யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்க்கும் நீள்தட ஓட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: இங்கே பெரும்பாலும் இடத்துக்காகவே ஓடுகிறார்கள், நேரத்துக்காக அல்ல.

கேள்வி: 2002இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி வென்றது வெறும் அதிர்ஷ்டம்தானே? (கோரிப்பாளையம் வாசகர்)

அதை நான் ஏற்கமாட்டேன். சால்ட் லேக் சிட்டி 1000 மீட்டர் இறுதியில் கடைசி வளைவில் முன்னிருந்த நால்வரும் சரிய, பின்தங்கி வந்த அவர் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தென் அரைக்கோள நாடு ஒன்று பெற்ற முதல் தங்கம் அது. ஆயினும் வேகத்தில் அவர்களுக்கு ஈடில்லை என்பதை அறிந்தே அவர் திட்டமிட்டு விலகி ஓடினார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் பிளேடு அவருடைய தொடையைக் கிழித்து ஏராளமான இரத்தம் வெளியேறியது. 2000இல் கழுத்தெலும்பு முறிந்தது. அத்தனைக்கும் பிறகு இறுதிச் சுற்றில் நின்றவரை அதிர்ஷ்டக்காரர் என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது.

கேள்வி: ரிலேயில் கைமாற்றிக் கொடுக்கும் கோல் கிடையாதா? (ஒத்தக்கடை வாசகர்)

கிடையாது. அணியின் நால்வரில் ஒருவர் ஓட, அடுத்தவர் தடத்தின் உட்பக்கத்தில் சேர்ந்து ஓடி வந்து குனிய, முதலாமவர் அவரைப் பின்னாலிருந்து பலமாகத் தள்ளிவிடுகிறார். கடைசி இரண்டு சுற்றுகளை ஒருவரே முடிக்க வேண்டும்.

கேள்வி: மதுரையில் பனித்தளமே இல்லாதபோது என் மகள் இதற்கு ஆசைப்படலாமா? (அண்ணாநகர், ஒரு தாய்)

தாராளமாக, அம்மா. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பின் 1000 மீட்டரில் தங்கம் வென்றது சக்கரங்களின் மீதுதான். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது, வளைவில் வலக்காலை இடக்காலின் மேலாக எடுத்துவைப்பது ஆகிய இரண்டும் பனிக்கும் பொதுவானவை. அவற்றை இன்லைன் ஸ்கேட்டில் (சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த காலணி) இங்கேயே பழகலாம். பனியில் பிளேடின் விளிம்பை அழுத்தும் பழக்கம் மட்டும் புதிதாக வர வேண்டும். அதற்கு விடுமுறையில் டேராடூனுக்கோ குருகிராமுக்கோ சென்று பழகத் தொடங்கலாம். வளரும் கால் என்பதால் பனிக்காலணியை இப்போதே விலைக்கு வாங்க வேண்டாம்; தலைக்கவசத்தையும் வெட்டுப்படாத கழுத்துக்காப்பையும் மட்டும் நல்ல தரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.